எட்டு மேட், இரண்டு கண்

அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்தின் தேசிய சாம்பியன்ஷிப் ஆண்டுதோறும் மார்ச் மாதத்தின் பின்பாதியில் ஒரு வியாழக்கிழமை தொடங்கி சனிக்கிழமை இரவு முடிகிறது. பத்து எடைப் பிரிவுகள். பிரிவுக்கு 33 பேர். மொத்தம் 330 வீரர்கள். ஒருமுறை தோற்றவருக்கு இன்னொரு வழி திறந்திருக்கும். மூன்றாம் இடம்வரை அதில் ஏறி வரலாம். இந்த அமைப்பைக் கூட்டிப் பார்த்தால் பிரிவுக்கு 64 வீதம் 640 ஆட்டங்கள். அவற்றில் 340 வியாழன் ஒரே நாளில் நடந்துவிடுகின்றன. வெள்ளியன்று 240. சனிக்கிழமைக்கு மிஞ்சுவது வெறும் 60. விளம்பரத்தில் முகம் காட்டும் இறுதி ஆட்டங்கள் பத்தே பத்து.

நேரில் போய்ப் பார்ப்பதா, வீட்டில் உட்கார்ந்து பார்ப்பதா என்ற விவாதம் இந்த விளையாட்டின் ரசிகர்களிடையே ஒவ்வொரு மார்ச்சிலும் எழும். விமானக் கட்டணம், ஓட்டல் வாடகை, மூன்று நாள் விடுப்பு ஒரு தட்டில். சோபா, ரிமோட், ரீப்ளே மறு தட்டில். இப்படி நிறுத்தால் முடிவு அவரவர் பணப்பையைப் பொறுத்தது. அதற்கு ஆய்வு தேவையில்லை. என் மறுப்பு வேறு இடத்தில் இருக்கிறது. மூன்று நாளையும் ஒரே நிகழ்ச்சியாக எண்ணிக்கொண்டு பேசுவதுதான் பிசகு. வியாழக்கிழமை நடப்பதும் சனிக்கிழமை இரவு நடப்பதும் பார்வையாளரைப் பொறுத்தவரை இருவேறு விளையாட்டுகள். முன்னதை அரங்கில்தான் பார்க்க முடியும். பின்னதை வீட்டில்தான் சரியாகப் பார்க்க முடியும் என்பது என் கட்சி. டிக்கெட் வாங்குபவர்கள் பெரும்பாலும் நேர்மாறாகவே நினைக்கிறார்கள்.

‘ரெஸ்லிங்’ என்றதும் தமிழ் வாசகருக்கு அண்டர்டேக்கர் நினைவுக்கு வந்தால் குற்றமில்லை. கேபிள் டிவி நம் வீடுகளுக்குக் கொண்டுவந்தது அதைத்தான். சாக்‌ஷி மாலிக்கும் பஜ்ரங் புனியாவும் ஒலிம்பிக்கில் ஆடியது ஃப்ரீஸ்டைல். அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடப்படுவது ஃபோக்ஸ்டைல் என்ற உள்நாட்டு வகை. மூன்று, இரண்டு, இரண்டு நிமிடங்களாக மொத்தம் ஏழு நிமிட ஆட்டம். நின்றநிலையில் இருந்து எதிராளியைத் தரைக்குக் கொண்டுவந்து அடக்கினால் டேக்டவுன். 2023-24 பருவத்திலிருந்து அதற்கு 3 புள்ளி, அதற்கு முன்பு 2. கீழே கிடப்பவர் தப்பி எழுந்தால் 1, புரட்டி மேலே வந்துவிட்டால் 2. மேலிருப்பவர் எதிராளியை எவ்வளவு நேரம் அடக்கி வைத்திருக்கிறார் என்று ஒரு தனிக் கடிகாரம் கணக்கு வைக்கும். இறுதியில் ஒருவருக்கு ஒரு நிமிடம் கூடுதலாக இருந்தால் அதற்கும் 1 புள்ளி. இதுதான் ரைடிங் டைம். இரண்டு தோள்பட்டையையும் தரையில் அழுத்திப் பிடித்துவிட்டால் ‘பின்’. ஆட்டம் அந்த இடத்திலேயே முடிந்தது. 1928-இல் அயோவா மாநிலத்தின் ஏம்ஸ் நகரில் முதல் சாம்பியன்ஷிப் நடந்தது. விதிகள் பலமுறை மாறியிருக்கின்றன, ஆனால் தூக்கி எறிவதைவிட அடக்கி வைப்பதே பெரிது என்ற அடிப்படை மாறவில்லை.

வெற்றி தனிநபருக்கு, கோப்பை கல்லூரிக்கு. ஒவ்வொரு வெற்றியும் அணியின் கணக்கில் ஏறும்: பிரதான வரிசையில் ஜெயித்தால் 1, தோற்றவர் வரிசையில் ஜெயித்தால் அரை. பின் செய்து ஜெயித்தால் அதற்கு மேல் 2. பதினைந்து புள்ளி வித்தியாசத்தில் ஆட்டத்தையே நிறுத்திவிட்டால் 1.5, எட்டு புள்ளி வித்தியாசத்துக்கு 1. ஆக, வியாழக்கிழமை மதியம் யாரும் கவனிக்காத ஒரு மேட்டில் (மல்யுத்த விரிப்பில்) பெயர் தெரியாத ஒருவரை வெல்வதா, பின் செய்து வெல்வதா என்பதில் சனிக்கிழமைக் கோப்பை அடங்கியிருக்கலாம்.

அந்த வியாழக்கிழமைத் தளத்தைக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். இது பெரும்பாலும் ஐஸ் ஹாக்கியும் கூடைப்பந்தும் நடக்கும் மாநகர உள்ளரங்கு: 2019-இல் பிட்ஸ்பர்க், 2022-இல் டெட்ராய்ட், 2023-இல் டல்சா, 2024-இல் கன்சாஸ் சிட்டி, 2025-இல் ஃபிலடெல்ஃபியா. தரையில் எட்டு மேட்கள் கிட்டத்தட்ட ஒட்டியே கிடக்கும். எட்டிலும் ஒரே நேரத்தில் ஆட்டம். ஒவ்வொன்றின் ஓரத்திலும் இருபுறமும் நாற்காலிகளில் பயிற்சியாளர்கள். பாதி நேரம் நாற்காலியில் இருக்க மாட்டார்கள். நடுவரின் ஒரு மணிக்கட்டில் சிவப்புப் பட்டை, மறுமணிக்கட்டில் பச்சை. எந்தக் கையை உயர்த்துகிறாரோ அந்த நிறத்துக்காரருக்குப் புள்ளி, எத்தனை விரலோ அத்தனை. மேல் அடுக்கில் இருப்பவருக்கு வீரரின் முகம் தெரியாது. அந்தப் பட்டையும் விரலும் தெரியும். யார் யாரோடு மோதுகிறார் என்று அச்சடித்த பிராக்கெட் தாளை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முடிவையும் பேனாவால் எழுதிக்கொண்டே போகும் பழைய ரசிகர்கள் இன்றும் உண்டு. கறுப்பும் மஞ்சளுமாக அயோவா ஆட்கள் ஒரு பகுதியை அடைத்திருப்பார்கள், நீலமாக பென் ஸ்டேட் இன்னொரு பகுதியை, ஆரஞ்சாக ஓக்லஹோமா ஸ்டேட் வேறொன்றை.

எட்டில் எதைப் பார்ப்பது? ஊர்த் திருவிழாவில் ஒரு பக்கம் நாகசுரம், இன்னொரு பக்கம் கரகாட்டம் என்று இருக்கும்போது கால் எந்தப் பக்கம் போகிறதோ அதே விதிதான் இங்கும். காது சொல்லும் பக்கம் கண் போகும். ஆறாம் மேட்டருகே ஒரு மூலையிலிருந்து இரைச்சல் கிளம்புகிறது. முதலில் ஐம்பது பேர், பிறகு ஒரு பகுதி, பிறகு அந்தப் பக்கம் முழுதும். பட்டியலில் முதலிடத்தில் வைக்கப்பட்ட வீரர் ஒருவர் முதுகில் கிடக்கிறார். பதினைந்தாயிரம் தலைகள் திரும்புகின்றன. மற்ற ஏழு மேட்டிலும் ஆட்டம் நடந்துகொண்டுதான் இருக்கிறது, பார்க்க ஆளில்லை.

இந்தச் செய்தித்தொடர்பு வேலை செய்வதற்கு விளையாட்டின் இயல்பே காரணம். குத்துச்சண்டையில் ஒரு குத்தில் ஆள் விழுந்துவிட்டால், சத்தம் கேட்டுத் திரும்பும்போது எல்லாம் முடிந்திருக்கும். கிரிக்கெட்டில் ஸ்டம்ப் பறப்பதும் அப்படித்தான். மல்யுத்தத்தில் முதுகு தரையை நெருங்குவதற்கும் நடுவர் உள்ளங்கையால் மேட்டை ஓங்கி அறைவதற்கும் நடுவே நேரம் இருக்கிறது. கழுத்தையும் காலையும் சேர்த்து மடக்கும் கிரேடில் பிடியில் அகப்பட்டவர் பாலம்போல் உடலை வளைத்துக்கொண்டு பத்து விநாடி, இருபது விநாடி போராடுவார். நடுவர் தரையோடு தரையாகப் படுத்து, தோளுக்கும் மேட்டுக்கும் இடையே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பத்து விநாடி போதும், அரங்கம் முழுவதும் திரும்பிப் பார்க்க. கூச்சல் நடந்து முடிந்ததைச் சொல்வதில்லை, நடந்துகொண்டிருப்பதைச் சொல்கிறது.

வீட்டிலும் எட்டு மேட் உண்டு. ஈஎஸ்பிஎன் நிறுவனம் ஒவ்வொரு மேட்டுக்கும் தனி ஸ்ட்ரீம் தருகிறது. பொறுமையுள்ளவர் திரையை நான்காகப் பிரித்து வைத்துக்கொள்ளலாம். இதைவிட வேறென்ன வேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால் நான்கு கட்டங்களில் சத்தம் வருவது ஒன்றிலிருந்துதான். மற்ற மூன்றும் ஊமைப்படம். நான்கும் ஒரே பிரகாசத்தில், ஒரே அளவில், ஒரே அவசரத்தோடு ஓடுகின்றன. எது முக்கியம் என்று எதுவும் சொல்வதில்லை. அதைச் சொல்லும் வேலையைத் தயாரிப்பாளரின் மேசை எடுத்துக்கொள்கிறது. அவர் கேமராவை வைப்பது பெயர் பெற்ற வீரர் மீது. அதிர்ச்சித் தோல்விகளோ பெயர் பெறாதவர் கையில்தான் பெரும்பாலும் பிறக்கின்றன. ஸ்ட்ரீம் அரை நிமிடம் தாமதமாக வந்தால் இன்னொரு இடைஞ்சல்: நண்பர் ஒருவரின் குறுஞ்செய்தி போனில் முந்திக்கொள்ளும். அரங்கில் கூச்சல் உங்களைக் கூப்பிடுகிறது, வீட்டில் போன் உங்களுக்கு முடிவை அறிவிக்கிறது. பிறகு அந்த ஆட்டத்தைத் தேடிப் பிடித்து ஓட்டிப் பார்ப்பது பிரேதப் பரிசோதனை.

இதை வைத்து வீட்டை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. கேமரா ஏற்கெனவே சரியான இடத்தில் இருக்கும்போது அது காட்டுவதை அரங்கம் காட்டாது. 2023 மார்ச் 17, டல்சா, அரையிறுதி. அயோவாவின் ஸ்பென்சர் லீ மூன்று முறை சாம்பியன். நான்காவது பட்டம் உறுதி என்று எல்லோரும் எழுதிவைத்திருந்த நேரம். பர்டூ பல்கலைக்கழகத்தின் மேட் ராமோஸ், ஏழு நிமிட ஆட்டத்தில் ஒரே ஒரு விநாடி மிச்சமிருக்கையில் அவரைப் பின் செய்தார். 58 ஆட்டங்கள் தொடர்ந்த வெற்றி அங்கே அறுந்தது. அடுத்த கணம் ஒளிபரப்பு பார்வையாளர் வரிசைக்குத் தாவியது: லீயின் தாய் தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி உடைத்தெறிகிறார். நாடெங்கும் பரவிய காட்சி அது. அரங்கில் இருந்த ஆயிரக்கணக்கானோரில் அதைக் கண்ணால் கண்டவர்கள் பக்கத்து வரிசைக்காரர்கள் மட்டும். ஒரு தாயின் நிலைகுலைவை நாம் அப்படிப் பார்த்திருக்கத்தான் வேண்டுமா என்பது வேறு கேள்வி. எனக்கு அதில் சங்கடம் உண்டு. ஆனால் தோல்வி என்றால் என்ன என்று அந்த இரண்டு விநாடி சொன்னதை மேல் அடுக்கிலிருந்து எந்தத் தொலைநோக்கியும் சொல்லியிருக்காது. லீயும் அதோடு ஓய்ந்துவிடவில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் அமன் செராவத் வெண்கலம் வென்ற அதே 57 கிலோ பிரிவில் வெள்ளி வென்றார்.

அரையிறுதி நடக்கும் அதே வெள்ளி இரவில் இன்னொன்றும் நடக்கிறது. ரசிகர்கள் அதை ‘பிளட் ரவுண்ட்’ என்கிறார்கள், ரத்தச் சுற்று. ரத்தம் சிந்துவதால் வந்த பெயரல்ல. ஒவ்வொரு பிரிவிலும் முதல் எட்டு இடத்தைப் பிடிப்பவர்களுக்கு ‘ஆல்-அமெரிக்கன்’ என்ற பட்டம். அரையிறுதிக்கு வந்த நால்வருக்கு அது கிடைத்துவிட்டது. மிச்சமுள்ள நான்கு இடங்களுக்கு எட்டுப் பேர், நான்கு ஆட்டங்கள். பத்துப் பிரிவுக்கும் சேர்த்து நாற்பது. ஜெயித்தவர் பெயர் கல்லூரிச் சுவரில் என்றைக்கும் இருக்கும். தோற்றவருக்கு ஒன்பதாம் இடம்கூட இல்லை. அப்படி ஓர் இடமே எண்ணப்படுவதில்லை. ஐந்து வயதிலிருந்து மேட்டில் புரண்டவர்கள், எடை குறைக்கப் பட்டினி கிடந்தவர்கள், கடைசி ஆண்டு மாணவர்களாக இங்கே வந்து நிற்கிறார்கள். இதில் தோற்றால் மல்யுத்த வாழ்க்கையே பெரும்பாலோருக்கு முடிந்தது, ஏனென்றால் கல்லூரிக்குப் பிறகு இந்த வகை மல்யுத்தத்தில் பிழைப்பு நடத்த ஏறத்தாழ எதுவும் இல்லை.

பிளட் ரவுண்டைத் தொலைக்காட்சியில் முழுதாக உணர முடியாததற்குத் தயாரிப்பாளரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கு அரையிறுதி இருக்கிறது, நட்சத்திரங்கள் இருக்கிறார்கள். இந்த நாற்பது ஆட்டங்களில் பொருள் தனித்தனி ஆட்டத்தில் இல்லை. அடுத்தடுத்த மேட்டில் ஒருவன் எகிறிக் குதித்துப் பயிற்சியாளர் தோளில் தொற்றிக்கொள்கிறான், பதினைந்தடி தள்ளி இன்னொருவன் தலைக்காப்பைக் கழற்றவும் கை எழாமல் மண்டியிட்டிருக்கிறான். அவனைச் சுற்றிக்கொண்டு அடுத்த ஜோடி மேட்டுக்குள் வருகிறது. இரண்டும் ஒரே பார்வைவட்டத்துக்குள் இருக்க வேண்டும். கேமரா ஒன்றைத்தான் அணுகும். அணுகியதுமே அது ஒரு தனிமனிதக் கதையாகிவிடும், வர்ணனையாளர் அவன் ஊரையும் குடும்பத்தையும் சொல்லத் தொடங்கிவிடுவார். அரங்கில் கதை கிடையாது. பாதிப் பேரின் பெயர்கூடத் தெரியாது. ஆனாலும் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தொண்டை அடைக்கிறது.

இந்தத் தொண்டை அடைப்பை அளந்து பார்த்திருக்கிறார்களா? ஓரளவு. கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் மானுடவியலாளர் டிமிட்ரிஸ் சிகலாட்டாஸும் சக ஆய்வாளர்களும் 2022-இல் ‘சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கல்லூரிக் கூடைப்பந்து ரசிகர்களில் சிலரை ஆடுகளத்துக்கு அனுப்பினார்கள், வேறு சிலரைச் சிறு குழுக்களாகத் தொலைக்காட்சி முன் உட்கார வைத்தார்கள். இரு தரப்பாரின் இதயத்துடிப்பையும் கருவி பதிவு செய்தது. அரங்கில் இருந்தவர்களின் துடிப்புகள் ஒன்றோடொன்று கூடுதலாக இசைந்து ஏறி இறங்கின. அப்படி இசைந்த அளவுக்கு, அந்த அனுபவம் தங்களை ஆழமாகத் தொட்டது என்று சொல்வதும் சக ரசிகர்களோடு ஒன்றிய உணர்வும் கூடியிருந்தன. எமில் துர்கைம் 1912-இல் பழங்குடிச் சடங்குகளைப் பற்றி எழுதும்போது, கூடியிருப்பதாலேயே மனிதர்களிடையே பொங்கும் ஒரு கிளர்ச்சியைப் பற்றிப் பேசினார். நூற்றுப்பத்து ஆண்டுகள் கழித்து அதற்கு நாடி பிடித்துப் பார்த்த ஆய்வு என்று இதைச் சொல்லலாம்.

ஆனால் அதை அப்படியே மல்யுத்தத்துக்குத் தூக்கி வைக்கக் கூடாது. கூடைப்பந்தில் பந்து ஒன்று. அரங்கமே அந்த ஒன்றைப் பார்க்கிறது. துடிப்புகள் ஒன்றாக ஏறுவதில் வியப்பில்லை. எட்டு மேட் விரிந்த வியாழக்கிழமையில் பக்கத்து நாற்காலிக்காரர் வேறு ஆட்டத்தில் மூழ்கியிருக்கிறார். அவர் இதயம் என் இதயத்தோடு இசைய எந்தக் காரணமும் இல்லை, அந்தக் கூச்சல் எழும்வரை. கூட்டம் தன்னைத் தானே கூட்டிக்கொள்கிறது, கலைகிறது, மீண்டும் கூடுகிறது. இந்தக் கூடிக் கலைதலை யாராவது அளந்தால் கூடைப்பந்தில் கிடைத்ததைவிடச் சுவையான வரைபடம் கிடைக்கும் என்று நினைக்கிறேன். அதே தர்க்கப்படி பார்த்தால் ஒரே மேட்டில் நடக்கும் சனிக்கிழமை இரவுதான் துடிப்புகள் உச்சமாக இசையும் நேரம். நான் அந்த இரவுக்குத்தான் வீட்டைப் பரிந்துரைக்கிறேன். இந்த முரணை மறைக்க விரும்பவில்லை. கூட்டத்தில் ஒருவராகக் கரைவதற்குப் போகிறவருக்குச் சனிக்கிழமை இரவுதான் சரி. நான் பேசுவது ஆட்டத்தைப் பார்க்க விரும்புகிறவரைப் பற்றி.

கூச்சலுக்கு இன்னொரு முகமும் உண்டு. அது பார்வையாளரை மட்டுமா தொடுகிறது? ஆலன் நெவில், நைஜல் பால்மர், மார்க் வில்லியம்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் 2002-இல் 40 கால்பந்து நடுவர்களுக்கு ஒரு பழைய ஆட்டத்திலிருந்து 47 மோதல்களைத் திரையில் காட்டித் தீர்ப்புச் சொல்லச் சொன்னார்கள். ஒரு குழுவுக்குப் பார்வையாளர் இரைச்சலோடு, இன்னொரு குழுவுக்கு ஒலி இல்லாமல். இரைச்சலைக் கேட்டவர்கள் சொந்த மண்ணில் ஆடிய அணிக்கு எதிராக 15.5 சதவீதம் குறைவாகத் தவறு அறிவித்தார்கள். மல்யுத்தத்தில் இதற்கு மிகவும் இடம்கொடுக்கும் தீர்ப்பு ‘ஸ்டாலிங்’. அதாவது ஆடாமல் நேரத்தைக் கடத்துகிறார் என்ற குற்றச்சாட்டு. முதலில் எச்சரிக்கை, பிறகு எதிராளிக்குப் புள்ளி. எது நேரம் கடத்தல் என்பதை அளக்க அளவுகோல் இல்லை, நடுவரின் கண்தான். பல்லாயிரம் தொண்டைகள் ஒரே சொல்லை நடுவரை நோக்கி வீசும்போது அந்தக் கண் எவ்வளவு உறுதியாக இருக்கும்? பொது இடத்தில் நடக்கும் போட்டி என்பது பெயரளவுக்குத்தான். அயோவாவும் பென் ஸ்டேட்டும் கொண்டுவரும் கூட்டத்துக்கு எந்த ஊரும் சொந்த ஊர்தான். வீட்டில் இருப்பவருக்கு இங்கே ஒரு வசதி: ஒலியை அணைத்துவிட்டு ஒரு முறை பார்க்கலாம். அந்தச் சோதனையில் ஒலியின்றிப் பார்த்த குழுவில் ஒருவராகிவிடலாம். பயிற்சியாளர் ஆட்சேபம் தெரிவித்து நுரைச்செங்கல்லை மேட்டுக்குள் வீசும்போதும் அப்படித்தான். நடுவர் மேசைக்குப் போய்த் திரையில் குனிந்திருக்கையில், சோபாவில் இருப்பவர் அதே காட்சியை மூன்று கோணங்களில் பார்த்துத் தீர்ப்பை எழுதி முடித்திருப்பார்.

வீட்டுத்திரை அரங்கைக் காலி செய்துவிடும் என்ற அச்சம் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுக்குப் பழையது. தொலைக்காட்சிப் பெட்டி வீடுகளுக்குள் நுழைந்த காலத்தில் அமெரிக்கக் கால்பந்துக் களங்களில் கூட்டம் குறைந்தது. கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. ஆய்வு நிறுவனம் ஒன்றை அமர்த்திக் கணக்கெடுக்கச் செய்தது. தொலைக்காட்சி வருகையைக் குறைக்கிறது என்ற முடிவு வந்தது. 1951 முதல் எத்தனை ஆட்டங்களை நேரடியாக ஒளிபரப்பலாம் என்பதற்குச் சங்கம் வரம்பு கட்டியது. ஓக்லஹோமாவும் ஜார்ஜியாவும் வழக்குப் போட்டு, 1984-இல் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற தீர்ப்பில் அந்தக் கட்டுப்பாட்டை உடைத்தது. முப்பது ஆண்டுக்கு மேல் நீடித்த கொள்கைக்கு அடிப்படை ஒரே நம்பிக்கைதான்: ஒரு கண் ஒரு இடத்தில்தான் இருக்கும்.

மல்யுத்தத்தில் அந்த நம்பிக்கை தலைகீழானது. ஒவ்வொரு மேட்டும் தனி ஸ்ட்ரீமாகக் கிடைக்கத் தொடங்கிய காலத்தில்தான் அரங்கும் நிரம்பியது. 2015 தொடங்கிப் பல ஆண்டுகளில் ஆறு அமர்வுகளின் மொத்த வருகை ஒரு லட்சத்தைத் தாண்டியிருக்கிறது. காரணம் இந்த மல்யுத்தச் சமூகம் சிறியது என்பதுதான் என்று நினைக்கிறேன். முதல் பிரிவுக் கல்லூரிகளில் மல்யுத்த அணி வைத்திருப்பவை இன்று ஏறத்தாழ 80. பல அணிகள் கடந்த ஐம்பது ஆண்டுகளில் கலைக்கப்பட்டுவிட்டன. அமெரிக்காவின் பெரும்பாலான ஊர்களில் மல்யுத்தம் பேச அடுத்த வீட்டில் ஆள் கிடைக்காது. பழைய வீரர்கள், உள்ளூர்ப் பயிற்சியாளர்கள், பிள்ளையைப் பள்ளி மேட்டுக்குக் கூட்டிப்போகும் அப்பாக்கள் எல்லோருக்கும் ஆண்டுக்கொருமுறை சாதிசனம் கூடும் இடம் இது. திரையைப் பார்த்துப் பார்த்து ஆர்வம் ஊறியவர்கள்தான் அங்கே போய்ச் சேர்கிறார்கள்.

ஆனால் அரங்கு எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்கு எல்லை இருக்கிறது. 2015 நவம்பரில் அயோவா தன் கால்பந்து மைதானத்தின் நடுவே ஒற்றை மேட்டை விரித்து ஓக்லஹோமா ஸ்டேட்டுடன் மோதியபோது 42,287 பேர் வந்தார்கள். வரலாறு படைத்த கூட்டம், ஒப்புக்கொள்கிறேன். அவர்களில் எத்தனை பேர் கண்ணால் ஆட்டத்தைப் பார்த்தார்கள் என்பதுதான் கேள்வி. 2020 சாம்பியன்ஷிப்பை மினியாபோலிஸின் கால்பந்து மைதானத்தில் நடத்தத் திட்டமிட்டிருந்தார்கள். அந்த மார்ச் 12 அன்று கோவிட் எல்லாவற்றையும் ரத்து செய்தது. அறுபதாயிரம் இருக்கைக்கு விரிந்த கட்டடத்தில் மூலையிலிருந்து கிளம்பும் கூச்சல் மறுமூலைக்கு எப்படி வந்து சேரும் என்று அறியும் வாய்ப்பு போய்விட்டது. எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை.

இனி சனிக்கிழமை இரவு. ஏழு மேட்களைச் சுருட்டி எடுத்துவிட்டு, நடுவில் உயர்த்திய மேடைமேல் ஒன்றை மட்டும் வைப்பார்கள். விளக்கை அணைப்பார்கள், இசை முழங்கும், பெயர் சொல்லி அழைக்க வீரர்கள் ஓடி வருவார்கள். ஏழு நிமிட ஆட்டத்தில் பெரும்பகுதி என்ன? விரல்களுக்கான சண்டை. மணிக்கட்டை யார் பிடிப்பது, முழங்கையை யார் தட்டிவிடுவது, நெற்றி யார் தாடைக்குக் கீழே நுழைவது. இறுதிக்கு வந்தவர்கள் ஒருவரையொருவர் நன்கு அறிந்தவர்கள். பாய்ச்சல்கள் குறைவு, காத்திருப்பு அதிகம். அந்தக் காத்திருப்பை மேல் அடுக்கிலிருந்து பார்த்தால் இரண்டு பேர் தோளில் கைபோட்டு நிற்பதாகத்தான் தெரியும். எல்லோரும் அண்ணாந்து தொங்குதிரையைப் பார்ப்பார்கள். காசு கொடுத்து, விமானம் ஏறி, வர்ணனை இல்லாத டிவியைப் பார்ப்பதாக அது முடிகிறது.

இதற்கு எதிராக 1970-ஐ எடுத்துக்காட்டுவார்கள். அது வலுவான வாதம்தான். இல்லினாய் மாநிலம் எவன்ஸ்டனில், நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக அரங்கில் 142 பவுண்டு இறுதி ஆட்டம். அயோவா ஸ்டேட்டின் டான் கேபிள் பள்ளியிலும் கல்லூரியிலுமாக 181 ஆட்டங்களில் ஒருமுறைகூடத் தோற்றதில்லை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் லாரி ஓவிங்ஸ் அவரைச் சந்திக்கவே எடை குறைத்து அந்தப் பிரிவுக்கு வந்தவர். ஏபிசி தொலைக்காட்சிக்காரர்கள், தோல்வியே இல்லாமல் தன் கல்லூரி வாழ்க்கையை முடிப்பதைப் பார்க்க வாருங்கள் என்று கேபிளையே சொல்லவைத்து ஒரு முன்னோட்டத்தைப் பதிவு செய்தார்கள். அது தன் கவனத்தைக் கலைத்ததைக் கேபிள் பின்னாளில் பேசியிருக்கிறார். கடைசி அரை நிமிடத்தில் ஓவிங்ஸ் அவரைத் தரைக்குக் கொண்டுவந்து முதுகைத் திருப்ப, 13-11. அந்த அரங்கில் இருந்தவர்களோடு யாரும் போட்டிபோட முடியாது என்பது உண்மை. ஆனால் நமக்கு அந்த ஆட்டம் தெரிந்திருப்பது படச்சுருளால். ஓவிங்ஸின் கை எந்த இடத்தில் மாறியது என்று இன்றும் பயிற்சியாளர்கள் மாணவர்களுக்கு நிறுத்தி நிறுத்திக் காட்டுவது அந்தப் பதிவிலிருந்துதான். கேபிளும் அந்தத் தோல்வியை வைத்தே தன்னை மீண்டும் வார்த்துக்கொண்டார். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்காமல் தங்கம் வென்றார்.

2025-இல் ஃபிலடெல்ஃபியா. 285 பவுண்டு இறுதியில் டோக்கியோ ஒலிம்பிக் சாம்பியன் கேபிள் ஸ்டீவ்சன், டான் கேபிளின் பெயரைத் தாங்கியவர்; எதிரே ஓக்லஹோமா ஸ்டேட்டின் வயட் ஹென்ட்ரிக்சன். கடைசி அரை நிமிடத்துக்குள் 4-2 என்று பின்தங்கியிருந்த ஹென்ட்ரிக்சன் ஒரு டேக்டவுன் எடுத்து 5-4 ஆக்கினார். அரங்கம் வெடித்தது. அதிபர் டிரம்ப் நேரில் அமர்ந்திருந்த இரவு அது. விமானப் படை அகாடமியில் பயின்ற ஹென்ட்ரிக்சன் அவருக்குச் சல்யூட் அடித்ததுதான் மறுநாள் செய்தி. ஆனால் ஆட்டத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் பார்க்க வேண்டியது வேறு: அத்தனை பெரிய உடம்பு எப்படிக் கால்வரை இறங்கியது, ஸ்டீவ்சனின் எடை எந்தக் காலில் இருந்தது, மிச்ச விநாடிகளில் எப்படி அவரை எழவிடாமல் பிடித்தார் என்பது. முதல்முறை கண்ணுக்கு அகப்படாது. மூன்றாவது ரீப்ளேயில் அகப்படும்.

இரு தரப்பாரும் கைகழுவிய அமர்வு ஒன்று இருக்கிறது, சனிக்கிழமை காலை. வெள்ளி இரவு நெடுநேரம் விழித்த ரசிகர்கள் ஓட்டலிலிருந்து மெதுவாகத்தான் வருவார்கள். இறுதி ஆட்டக்காரர்கள் மேட்டுக்கு வருவதில்லை, ஆகவே பெரிய கேமராவுக்கும் அவசரமில்லை. மூன்றாம், ஐந்தாம், ஏழாம் இடங்களுக்கான ஆட்டங்கள் அங்கே நடக்கின்றன. அவற்றுக்குமுன் யார் எந்த இடத்துக்குப் போட்டியிடுவது என்று தீர்க்கும் இருபது ஆட்டங்கள். ஆக மொத்தம் ஐம்பது. சாம்பியனுக்கு அணிக் கணக்கில் 16 புள்ளி, இரண்டாம் இடத்துக்கு 12, மூன்றுக்கு 10, நான்குக்கு 9, பிறகு 7, 6, 4, 3. அணிகள் நெருக்கமாக ஓடும் ஆண்டில் ஐந்தாம் இடத்துக்கும் எட்டாம் இடத்துக்கும் உள்ள நான்கு புள்ளி இடைவெளி கோப்பையைத் தீர்த்துவிடும். முந்திய நாள் அரையிறுதியில் கனவு உடைந்தவன் பன்னிரண்டு மணி நேரம் கழித்து எழுந்து, எடை காட்டி, மூன்றாம் இடத்துக்கு ஆட வருகிறான். சிலர் ஆடுவது கடமைக்கு, சிலர் முன்னெப்போதும் இல்லாத வெறியோடு. யார் எப்படி என்று வீட்டிலிருந்தும் சொல்லலாம், அரங்கிலிருந்தும் சொல்லலாம். நேரில் போனவருக்கு அன்று காலை கீழ் வரிசையில் ஓர் இடம் கிடைத்தால், நடுவர் மேட்டை அறையும் சத்தத்தையும் பயிற்சியாளரின் வசவையும் கலப்படமில்லாமல் கேட்கலாம். அனைத்து அமர்வுக்கும் சேர்த்து விற்கும் டிக்கெட்டில் இந்தக் காலையும் அடங்கியிருக்கிறது. அதை ஓட்டல் காலை உணவுக்குப் பலிகொடுப்பவர்களை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.